குளிர் நின்ற நிமிடம்

கார் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எல்லோரையும் குழப்பியது அதுதான்.

தென் கொரியாவின் தேகு நகரத்தில், பழைய சந்தைக்குப் பின்னால் ஒரு திறந்தவெளி வண்டி நிறுத்தம். ஆகஸ்ட் மாத மதிய வெயிலில் அங்கே ஈ கூடப் பறக்கவில்லை. கோடியில், சுவரைப் பார்த்தபடி ஒரு பழைய வெள்ளை நிற கார். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஏசி சுவிட்சில் பச்சை விளக்கு எரிந்தது. துளைகளிலிருந்து காற்றும் வேகமாகத்தான் வந்தது. ஆனால் அது அடுப்பிலிருந்து வருகிற காற்று மாதிரி இருந்தது.

முன்பக்கம், ஓட்டுநருக்கு வலது பக்கத்து இருக்கையில் (அந்த நாட்டு வண்டிகளில் ஸ்டீரிங் இடது பக்கம்), பெல்ட் போட்டபடி மா கி-தே இறந்து கிடந்தார். அறுபத்து நான்கு வயது. ஊர்ப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது.

காரின் கதவைத் திறந்து போட்டுவிட்டு, தார்த் தரையில் முழங்காலிட்டு அலறிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி பியோன் மி-ரன். அவளுடைய முழங்கையில் ஊசி குத்திய இடத்தில் ஒட்டிய பஞ்சு இன்னும் அப்படியே இருந்தது.

அவள் போலீசிடம் சொன்னது சுருக்கமானது. காலையில் கணவனை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்தாள். திரும்பும் வழியில் அவளுக்கே தலை சுற்றியது. தெரிந்த கிளினிக் சந்தைக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அவரை ஏற்ற முடியாது. அதனால் ஏசியை ஓடவிட்டு, அவரை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டுப் போனாள். டாக்டர் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொன்னார். படுத்தவள் தூங்கிவிட்டாள். விழித்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கிளினிக் நர்ஸும் அதையே சொன்னாள். "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினாங்க சார். பாவமா இருந்துச்சு. நான்தான் எழுப்பாம விட்டேன்." சொல்லும்போதே அவளும் அழுதாள்.

வண்டியைச் சோதித்த தொழில்நுட்பப் பிரிவு மறுநாளே காரணத்தைக் கண்டுபிடித்தது. ஏசி கம்ப்ரஸருக்கு மின்சாரம் அனுப்பும் ரிலே செத்துப் போயிருந்தது. தீப்பெட்டியில் பாதி அளவுள்ள கறுப்புப் பெட்டி அது. அதன் மேல் அச்சிட்டிருந்த வருடமும் கார் தயாரான வருடமும் ஒன்று. ஆக, அது காரோடு வந்த பழைய ரிலே.

ஆனால் இரண்டு நாள் முன்புதான் தாக் பியங்-ஹோ என்ற மெக்கானிக் புது ரிலே மாற்றியதாகச் சொல்லிக் கூலி வாங்கியிருந்தான்.

அன்று மாலையே தாக்கைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். தொலைக்காட்சியில் அவன் கடையின் ஷட்டரைக் காட்டினார்கள். மறுநாள் அந்த ஷட்டரில் யாரோ சிவப்புப் பெயின்ட்டால் 'கொலைகாரன்' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

*

வழக்கை முடித்து அனுப்ப வேண்டிய பொறுப்பு இன்ஸ்பெக்டர் நாம்குங்கிடம் வந்தது. நாற்பதைத் தாண்டிய பெண். போலீஸில் சேரும் முன் வாகனத் தொழிற்கல்லூரியில் மின்பிரிவு படித்தவர். அதனால் வண்டி சம்பந்தப்பட்ட எந்தக் கோப்பு வந்தாலும் இவர் மேசையில்தான் விழும்.

"கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது மேடம்," என்றார் ஏட்டு தோ. இருவரும் ஒன்பது வருடமாகச் சேர்ந்து வேலை செய்பவர்கள். "இந்த வெயில்ல எதுக்கு யார்டுக்குப் போகணும்? நேத்து அங்க ஒரு வண்டி மேல கையை வச்சேன். தோலு அங்கேயே தங்கிடுச்சு."

"மிச்சத் தோலைப் பத்திரமா எடுத்துக்கிட்டு வாங்க. கிளம்பலாம்."

வழக்கு வண்டிகளை நிறுத்தும் போலீஸ் யார்டில் வெள்ளைக் கார் தகரக் கொட்டகைக்கு அடியில் நின்றது. நாம்குங் மீட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தார். அறிக்கையை நம்பாமல் இல்லை. தன் கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்பது அவர் வழக்கம்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஏசி வாயுவின் அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்சும் சரி. கம்ப்ரஸருக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை வைத்து மின்சாரம் கொடுத்தார். டக் என்று கம்ப்ரஸரின் கிளட்ச் பிடித்தது. வாயு இருக்கிறது, கம்ப்ரஸர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது. நடுவில் ரிலே மட்டும்தான் பாக்கி.

ரிலேக்கள் ஸ்டீரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம் ஒரு மூடிக்குள் வரிசையாக இருந்தன. ஏசி ரிலே மட்டும் சாட்சிப் பொருளாகத் தனி உறையில். நாம்குங் கையுறை மாட்டி, அதன் கால்களில் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை. உள்ளே இருந்த கம்பிச்சுருள் அறுந்துவிட்டது. இனி இது ஒரு நொடி கூட வேலை செய்யாது.

"அறிக்கை சரிதானே?" என்றார் தோ.

"சரிதான்."

"அப்ப ஏன் முகம் அப்படி இருக்கு?"

நாம்குங் விளக்கை மூடிக்குள் அடித்தார். "இங்க பாருங்க. இது ஹாரன் ரிலே. மேல கறுப்பா பெருவிரல் அச்சு. மெக்கானிக் கை. மூடி ஓரத்துலயும் அதே கிரீஸ்."

"ஆமா."

"ஏசி ரிலேயைப் பாருங்க."

உறைக்குள் இருந்த ரிலே கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. கிரீஸ் இல்லை. தூசியும் இல்லை. கைரேகைப் பிரிவு 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. சின்னப் பொருள், அதனால் கிடைக்கவில்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"புதுசு மாத்தாம ஏமாத்தினவன், பழசைப் பளபளன்னு துடைச்சு எதுக்கு வைக்கணும்?" என்றார் நாம்குங்.

தோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாம்குங் காரின் உள்ளே பார்த்தார். ஏசியின் இரண்டு திருகுகளும் தடயவியல் ஆட்கள் பார்த்தபடியே இருந்தன. காற்றின் வேகம் கடைசி எண்ணில். குளிர்ச்சி நீலக்கோட்டின் கடைசி முனையில். பின் இருக்கையில், ஓட்டுநருக்குப் பின்னால், முதுகுக்கு வைக்கும் தலையணை ஒன்று. இருக்கையின் அந்த இடம் மட்டும் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளமாகியிருந்தது. கதவுப் பையில் உறிஞ்சுகுழல் வைத்த தண்ணீர்ப் புட்டி, எச்சில் துடைக்கும் துண்டு, ஈரத்தாள் பொட்டலம்.

முன் இருக்கையில் இப்படி ஒன்றுமே இல்லை.

*

தாக் பியங்-ஹோவை அழைத்து வந்தபோது அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"நல்லா உட்காருங்க முதலாளி."

"முதலாளியா?" தாக் சிரிக்க முயன்றான். "ஒரு வாரமா 'டேய்'தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். திடீர்னு மரியாதை குடுத்தா பயமா இருக்கு மேடம்."

"அந்த வண்டியில என்ன கோளாறுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டு கடையில கம்ப்ரஸரையே மாத்தணும்னு சொல்லியிருக்காங்க. அந்தம்மா கண்ணு கலங்கி என்கிட்ட வந்தாங்க. வாயுவைப் பார்த்தேன், இருந்துச்சு. ஃபியூஸ் சரி. ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் அந்த வண்டியில ஒரே அளவு மேடம். ஹாரனோடதைப் புடுங்கி ஏசி இடத்துல சொருகினேன். உடனே குளிர் காத்து. அவ்வளவுதான் வியாதி. ஹாரனோடதை அங்கேயே திருப்பி வச்சிட்டு, ஏசிக்குப் புதுசு போட்டேன்."

"பழசு?"

"அவங்க கையில குடுத்தேன். மாத்தாமலே மாத்தினேன்னு சொல்றான்னு பேரு வரக்கூடாதுல்ல? எல்லாருக்கும் பழசைக் கையில குடுத்துத்தான் அனுப்புவேன்." நிறுத்தினான். "இப்ப அதே பேருதான் வந்திருக்கு."

"அவங்க எதுவும் வாங்கலேங்கறாங்க."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு எழுதிக்குங்க. எல்லாரும் அதைத்தான் எழுதறாங்க."

"நீங்க வேலை செய்யறப்போ அவங்க எங்க இருந்தாங்க?"

"பக்கத்துலயே. குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. 'இவ்வளவுதானா முதலாளி'ன்னாங்க. 'இவ்வளவுதாம்மா, புடுங்கறது சொருகறதுதான். அடுத்த தடவை நீங்களே பண்ணிடலாம்'னு சொன்னேன்."

நாம்குங் எழுதுவதை நிறுத்தினார். "சொருகறதுக்கு முன்னாடி கையைக் கழுவினீங்களா?"

தாக் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தான். ஒரு வாரம் சிறையில் சோப்புப் போட்டும் ரேகைகளின் பள்ளத்தில் கறுப்பு அப்படியே இருந்தது.

"கழுவினா போற கையா மேடம் இது?"

*

காரின் முன்கண்ணாடியில் கேமரா இருந்தது. இந்த ஊரில் அது இல்லாத வண்டி ஏது? அதன் பதிவை தோ நான்கு முறை பார்த்துவிட்டார். ஒலிப்பதிவை யாரோ எப்போதோ அணைத்து வைத்திருந்தார்கள். படம் மட்டும்தான்.

"மருத்துவமனையிலிருந்து சாலை. சிக்னல். சந்தை. அப்புறம் சுவர்," என்றார் தோ. "அந்தம்மா இறங்கி முன்னாடி நடந்து போறாங்க. அப்புறம் ரெண்டு மணி நேரம் சுவரு. நான் என் கல்யாண வீடியோவையே இவ்வளவு கவனமா பார்த்ததில்ல. ஒரு ஆள் வரல. ஒரு பூனை கூட வரல."

"மறுபடி போடுங்க."

"மறுபடியுமா?"

"நீங்க ஆளைப் பாருங்க. நான் வேற ஒண்ணைப் பார்க்கறேன்."

படத்தின் கீழ் மூலையில் தேதி, நேரம், அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன எண். வண்டியின் மின் அழுத்தம். பேட்டரி இறங்கிப் போனால் கேமரா தானாக அணைவதற்காக வைத்திருக்கும் எண் அது. யாரும் அதைப் பார்ப்பதில்லை.

வண்டி மருத்துவமனை வாசலைத் தாண்டியது. எண் 14.1 என்று இருந்தது. சற்று நேரத்தில் 13.6 ஆனது. கொஞ்சம் பொறுத்து மறுபடி 14.1. மறுபடி 13.6. யாரோ மூச்சு விடுவது போல அது ஏறி இறங்கியது. சிக்னலில் நின்றபோதும் அப்படியே. நிறுத்தத்தில் நுழைந்து சுவரைப் பார்த்து நின்ற பிறகும் இரண்டு முறை இறங்கி ஏறியது.

பிறகு ஏறியது, இறங்கவில்லை.

14.1. 14.1. 14.1.

சுவர் அசையாமல் நின்றது. எண்ணும் அசையவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் போனது. அதன் பிறகுதான் மி-ரன் திரையின் குறுக்கே நடந்து போனாள். தோளில் கைப்பை. திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பின் இரண்டு மணி நேரமும் அதே 14.1.

நாம்குங் படத்தை நிறுத்தினார். மூலையில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"மேடம்?"

"நாளைக்குக் காலையில ஒரு நல்ல ரிலே வாங்கிக்கிட்டு யார்டுக்கு வாங்க. இந்தக் கேமராவையும் எடுத்துக்குங்க."

மறுநாள் அதே காரில், அதே கேமராவை மாட்டி, நல்ல ரிலேயைச் சொருகி ஓட்டிப் பார்த்தார்கள். குளிர் காற்று வந்தது. மூலையில் எண் ஏறி இறங்கியது. ரிலேயைப் பிடுங்கிவிட்டுச் செத்ததைச் சொருகினார்கள். காற்று சூடானது. எண் அசையாமல் நின்றது. மூன்று முறை செய்து பார்த்தார்கள். மூன்று முறையும் அப்படியேதான்.

தோ சட்டையெல்லாம் நனைந்து, கார் கதவைப் பிடித்தபடி நின்றார். "மேடம், அந்தம்மாவைப் பார்த்து நர்ஸ் அழுதுச்சு. நானும் கொஞ்சம் கலங்கிட்டேன்."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றார் நாம்குங். "வாங்க, போகலாம்."

*

மி-ரனின் வீடு ஒன்பதாவது மாடியில் இருந்தது. கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு நோயாளிக் கட்டில். மெத்தையை எடுத்துவிட்டார்கள். வெறும் இரும்புச் சட்டம். வாடகைக்குக் கொடுத்தவர்கள் மதியம் வந்து எடுத்துப் போவதாக மி-ரன் சொன்னாள். குளிர்ந்த பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நன்றாக ஓய்வெடுத்தவள் போல முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்க்கவே நாம்குங்குக்குச் சங்கடமாக இருந்தது.

"சில விஷயம் மட்டும் கேட்டுட்டுப் போயிடறோம்மா. அவர் எப்பவும் வண்டியில எங்க உட்காருவாரு?"

"பின்னாடி. எனக்குப் பின் சீட்டுல."

"ஏன் அங்க?"

"இடது கை மட்டும்தானே வேலை செய்யும். அந்தப் பக்கம் உட்கார்ந்தா கதவு, ஜன்னல் எல்லாம் அவரே பார்த்துக்குவாரு."

"அன்னைக்கு மட்டும் முன்னாடி உட்கார வச்சிருக்கீங்க. கதவு அவரோட வலது பக்கம்."

மி-ரன் டம்ளரை நகர்த்தி வைத்தாள். "முன்னாடி காத்து நல்லா வரும்னு..."

"குளிர்ச்சியா வந்துச்சா?"

"சுமாராத்தான். இந்த வெயில்ல அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். அந்த மெக்கானிக் ஏமாத்தியிருக்கான்னு எனக்கெப்படித் தெரியும்?"

"கிளினிக்குக்குக் கிளம்பறப்போ காத்து எப்படி இருந்துச்சு?"

"வந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

"இல்லம்மா." நாம்குங் குரலை உயர்த்தவில்லை. "உங்க கார் கேமராவுல ஓரத்துல ஒரு எண் ஓடும். வண்டியோட மின்சார அளவு. கம்ப்ரஸர் பிடிக்கிறப்போ அது இறங்கும், விடறப்போ ஏறும். மருத்துவமனையிலிருந்து சந்தை வரைக்கும் அது ஒழுங்கா ஏறி இறங்குது. அப்படின்னா ஏசி நல்லாவே வேலை செஞ்சிருக்கு. தாக் போட்ட புது ரிலே வண்டியில இருந்திருக்கு."

மி-ரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா நாங்க எடுத்த ரிலே உள்ளுக்குள்ள கம்பி அறுந்தது. அதை வச்சு ஒரு நொடி கூடக் குளிர் காத்து வராது. வழியெல்லாம் ஏசி ஓடியிருக்கு, ஆனா வண்டியில இருக்கறது ஓடவே முடியாத ரிலே. ரெண்டும் ஒண்ணா நடக்க முடியாது. நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க. எப்ப மாத்தினாங்கன்னும் எண் சொல்லுது. வண்டியை நிறுத்தின பிறகு, நீங்க கேமரா முன்னாடி நடந்து போறதுக்கு முன்னாடி. அந்த நேரத்துல வண்டிக்குள்ள ரெண்டு பேருதான். ஒருத்தரால குனியவே முடியாது."

தோ வாசல் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துடைச்சு வச்சிருந்தீங்க. உங்க ரேகை இருக்கக் கூடாதுன்னு," என்றார் நாம்குங். "தாக்கோட கிரீஸும் சேர்ந்து போயிடுச்சு. அவரு கை பட்டா எப்படி இருக்கும்னு அந்த வண்டியிலேயே பார்த்தேன்."

மி-ரன் அழுவாள் என்று தோ எதிர்பார்த்தார். அவள் அழவில்லை.

"அவருகிட்ட கேட்டேன்," என்றாள்.

"எதை?"

"'எனக்கு முடியலங்க. போதுமா?'ன்னு கேட்டேன். சரின்னாரு."

நாம்குங் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நோய் வந்ததுலேருந்து அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும். சரி. சாப்பிடறீங்களா, சரி. வலிக்குதா, சரி. கோபம் வந்தாலும் சரி, சரி, சரின்னுதான் கத்துவாரு. ராத்திரி முழுக்கக் கூப்பிடுவாரு. போனா என்ன வேணும்னு சொல்லத் தெரியாது. மூணு வருஷம் மேடம். நான் முழுசா ஒரு ராத்திரி தூங்கினதில்ல." அவள் இரும்புச் சட்டத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு வண்டியில வச்சுக் கேட்டப்போ என் கண்ணைப் பார்த்துச் சொன்னாரு. அந்தச் சரி வேற மாதிரி இருந்துச்சு. நிஜமாவே சொன்ன மாதிரி இருந்துச்சு. தூங்கற மாதிரி போயிடுவாருன்னு நினைச்சேன்."

நாம்குங் இதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சொல்லாமல் விட்டால் நீதிமன்றத்தில் யாரோ ஒரு வக்கீல் சத்தம் போட்டுச் சொல்வான்.

"நீங்க இறங்கறப்போ ஏசி எதுல இருந்துச்சும்மா?"

"நடுவுல. ரெண்டாவது எண்ணுல. அவருக்கு முகத்துல காத்து அடிச்சா பிடிக்காது."

"நாங்க பார்த்தப்போ கடைசி எண்ணுல இருந்துச்சு. குளிர்ச்சியும் கடைசி வரைக்கும் திருகியிருந்துச்சு. அந்தத் திருகு அவரோட இடது கைக்கு எட்டும்."

மி-ரனுக்கு அது புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.



பிறகு நாம்குங் கேட்டார். "புது ரிலே எங்க?"

"கிளினிக் குப்பைக்கூடையில. ஊசியோட சேர்த்துப் போட்டேன்."

"தாக்கை உள்ள வச்சது டிவியில வந்துச்சே. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அவர் கடையில எழுதினது?"

"அதையும் பார்த்தேன்." அவள் தலை நிமிரவில்லை. "வண்டி கெட்டுப்போச்சுன்னு ஆகும், அதோட விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். ஒரு மனுஷன் மாட்டுவான்னு தோணவே இல்ல. மாட்டினப்புறம் வந்து சொல்லணும்னு தினமும் காலையில நினைச்சேன். மத்தியானம் ஆனா தூக்கம் வந்துடும் மேடம். ஒரு வாரமா தூங்கிக்கிட்டே இருந்தேன்."

நாம்குங் எழுந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். லிஃப்ட்டுக்காக நின்றபோது கட்டிலை எடுக்க வந்த இரண்டு ஆட்கள் எதிரே வந்தார்கள். மி-ரன் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி, தலை குனிந்து வணங்கினாள்.

*

தாக் அன்று மாலையே வெளியே வந்தான். வாசலில் தோ அவனுக்கு ஒரு சிகரெட் நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க முதலாளி."

"ஷட்டருக்குப் பெயின்ட் யாரு அடிச்சுக் குடுப்பா?" என்றான் தாக். அவன் கோபமாகத்தான் இருந்தான். சிகரெட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

வழக்கு இலையுதிர் காலத்தில் விசாரணைக்கு வந்தது. மி-ரன் எதையும் மறுக்கவில்லை. அரசு வக்கீல் இதைத் திட்டமிட்ட கொலை என்றார். இரண்டு நாள் முன்பே ஏசியைப் பழுது பார்த்தது கூட இதற்காகத்தான், பழைய ரிலே கையில் கிடைப்பதற்காகவும் பழியைப் போட ஓர் ஆள் வேண்டுமென்றும் செய்தது என்றார். அப்படியானால் தண்டனை மிகப் பெரியதாக இருக்கும்.

அதை நிரூபிக்கத்தான் தாக்கைச் சாட்சிக்கூண்டில் ஏற்றினார்கள். அந்தப் பெண்ணால் பெயர் கெட்டவன். வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் இன்னும் திரும்பி வரவில்லை. அவன் தயங்காமல் பேசுவான் என்று அரசு வக்கீல் நம்பினார்.

"உங்க கடைக்கு வந்தப்போ அந்தப் பெண் எப்படி நடந்துகொண்டார்?"

தாக் குற்றவாளிக் கூண்டின் பக்கம் பார்க்கவில்லை. கழுத்துப்பட்டை இறுக்குவதை விரலால் தளர்த்திக்கொண்டான்.

"அந்த அம்மா மேல எனக்குக் கோபம் போகல ஐயா. போகவும் போகாது. ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்றேன். என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி ரெண்டு கடை ஏறி இறங்கியிருக்காங்க. நான் ரிலேயைச் சொருகினதும் குளிர் காத்து வந்துச்சு. பின்னாடி சீட்டுல அவரு உட்கார்ந்திருந்தாரு. சட்டையெல்லாம் வேர்வை. அந்தம்மா ஓடிப் போய் அவரு சட்டைப் பட்டனைக் கழட்டிவிட்டு, காத்து அவரு மேல படற மாதிரி துளையைத் திருப்பி வச்சாங்க. அவரு சிரிச்சாரு. அந்தம்மா, 'பாருங்க, இனிமே உங்களுக்கு வேர்க்காது'ன்னு சொல்லிட்டு அழுதாங்க."



"அது நடிப்பா இருக்கலாம் அல்லவா?" என்றார் வக்கீல்.

"நான் பார்த்ததைச் சொல்றேன் ஐயா. அன்னைக்கு அந்தம்மா அவரைக் கொல்ல நினைக்கல."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நாம்குங், கூண்டில் நின்ற மி-ரனைப் பார்த்தார். அவள் முகத்தைக் கைகளால் மூடியிருந்தாள். தோள்கள் குலுங்கின. கைது செய்த நாளிலிருந்து அவள் அழுது நாம்குங் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பழுது பார்த்ததே கொலைக்காகத்தான் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆறு வருடத் தண்டனை என்று தீர்ப்பானது.